பொதியிறக்கிமடுவில் கூக் காட்டியவள்

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மாட்டுப்பட்டி வைத்திருக்கிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. காட்டில் ஒருவர் கையை வாயில் குவித்துக் கூக் காட்டினால், அதைக் கேட்டவர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்தை நோக்கி நேரே வரவேண்டும். வளைந்து வருவது, நல்ல வழி பார்த்து வருவது, என்ன ஏது என்று திரும்பக் கேட்டுக்கொண்டு நிற்பது எதுவும் கூடாது. கன்று சேற்றில் இறுகியிருக்கலாம். பாம்பு தீண்டியிருக்கலாம். யானைக்கு முன்னால் ஒருவர் மரத்தோடு மரமாய் ஒட்டி நின்றுகொண்டிருக்கலாம். கேட்டவர் பதிலுக்கு ஒரு கூக் கொடுப்பார். பிறகு முள்ளோ பள்ளமோ, நூல் பிடித்ததுபோல வந்து சேர்வார். விளையாட்டுக்குக் கூக் காட்டுகிற பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தில் அடி விழும். மற்ற எந்தக் குழப்படிக்கும் விழாத அடி.

அன்னப்பூரணியும் சின்ன வயதில் அந்த அடியை வாங்கியவள்தான். சோற்றுக்குப் புருஷனைக் கூப்பிடுவதைத் தவிர, நாற்பது வயது தாண்டியும் காரணமில்லாமல் அவள் வாயில் கை குவித்ததில்லை. அன்றைக்குக் காரணம் இருந்தது, என் செல்லங்களே. அவள் பயந்துபோயிருந்தாள்.

பொதியிறக்கிமடு ஊரும் இல்லை, முழுக் காடும் இல்லை. வாவிக்கரையிலிருந்து மேற்கே மலைநாட்டுக்குப் பொதிமாடுகள் போன பழைய பாதையில் அது ஒரு தரிப்பிடம். உப்பும் கருவாடும் மேலே போகும். பாக்கும் மிளகும் கீழே வரும். மாடுகளின் முதுகிலிருந்து பொதியை இறக்கி, மடுவில் தண்ணீர் காட்டி, மேட்டிலுள்ள புளியமரத்தடியில் ஆட்கள் சோறாக்குவார்களாம். லொறியும் தார் ரோட்டும் வந்த பிறகு பாதை செத்துப்போனது. சண்டைக் காலத்தில் அந்தப் பக்கம் யாரும் தலைவைத்தும் படுக்கவில்லை. சண்டை ஓய்ந்து பட்டிக்காரர்கள் திரும்பிப் போனபோது மடு தூர்ந்து கிடந்தது. மழைத் தண்ணீர் மேல்மண்ணை வாரிக்கொண்டு போய், நிலம் எலும்புபோல வெளிறி, முட்பற்றை மட்டும் மிச்சமாக நின்றது. ஆடியில் கச்சான் காற்று எழும்பினால் மாடுகள் மண்ணை நக்கும். ஒரு கோடையில் அன்னப்பூரணியும் அவளுடைய புருஷன் கனகசிங்கமும் பட்டியில் பாதியைச் சாகக் கொடுத்துவிட்டார்கள். பால் கறந்த கையாலேயே குழி வெட்டியது அவளுக்கு மறக்கவில்லை.

அதன் பிறகுதான் பட்டிக்காரர் எல்லாரும் சங்கமாய்க் கூடி, வெளியூர் ஆட்கள் சிலருடைய உதவியையும் கேட்டு வாங்கி, மடுவைத் தோண்டினார்கள். சரிவு நெடுகக் கல்லை வரிசையாக அடுக்கினார்கள். தறிகெட்டு ஓடும் மழைத் தண்ணீரைக் கல் வரிசை முதலில் நடக்கவைத்தது, பிறகு நிற்கவைத்தது. நின்ற இடத்தில் மண் தங்கியது. மண் தங்கிய இடத்தில், எங்கே ஒளிந்திருந்ததோ, அறுகும் கோரையும் முளை காட்டின. சுற்றிவர முள்வேலி அடைத்து, இரண்டு மாரி முடியும்வரை ஒரு மாட்டின் குளம்பும் உள்ளே படக்கூடாது என்று சத்தியம் செய்துகொண்டார்கள். பசித்த மாட்டைப் பச்சைப் புல்லுக்கு வெளியே மறித்துவைப்பது லேசான காரியமா? செய்தார்கள்.

இன்று திறப்பு. முதல் பட்டியாக அவர்களுடையதை உள்ளே விடும்படி சங்கம் சொல்லியிருந்தது. கனகசிங்கம் மேற்கே ஆற்றுப் பள்ளத்திலிருந்து மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வருவான். தெற்கே கல் வரிசையை ஒட்டிச் சுற்றிவருகிற பெரிய வழியால் வந்து, வேலியிலுள்ள கடப்பு வாசலால் உள்ளே நுழைவான். அவள் முன்னதாகவே வந்து மேட்டுப் பாறையில் உப்புப் பரப்பிவைப்பாள். இதுதான் பேச்சு.

உப்பு ஆயிஷா உம்மா கொடுத்தது. அன்னப்பூரணியின் தயிர்ச் சட்டிகளை வாங்கி விற்கிறவள் அவள். "எங்கட மூத்தவாப்பாட ஆக்களெல்லாம் அந்தப் பாதையாலதான் உப்புக் கொண்டு போன. திறக்கிறண்டா முதல் உப்பு என்ட கையால போகோணும்" என்று ஒரு பை நிறையக் கட்டித் தந்துவிட்டாள்.

அந்தப் பையைச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டிக்கொண்டு அவள் மேட்டில் ஏறியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பாறையடியில் யானை விட்டை கிடந்தது. காலால் தட்டிப் பார்த்தாள். உள்ளே ஈரம். இன்றைய விட்டை.

வேலிக் காவலுக்கு இருக்கவேண்டிய தம்பி உதயரூபனைத் தேடினாள். புளியமரத்தடியிலிருந்த அவனுடைய வாடிக் குடிலில் பாய் விரித்தபடி கிடந்தது. அடுப்பில் தேநீர்க் கேத்தல் ஆறிப்போயிருந்தது. ஆளைக் காணவில்லை. மோட்டார் சைக்கிளும் இல்லை. புளியமரத்துக்குப் பின்னால் பற்றைக்குள் ஏதோ முறிந்தது. காற்று முறித்தால் ஒரு மாதிரிக் கேட்கும், கால் முறித்தால் வேறு மாதிரிக் கேட்கும். இது கால்.

அந்த நேரம் பார்த்து மேற்கே, வெகு தூரத்தில், மரமணியின் சத்தம் கேட்டது. சுட்டிப் பசுவின் மணி. பட்டிக்கு முன்னால் நடக்கிற கிழட்டுப் பசு அது. மணி கேட்டால் பின்னால் கனகசிங்கம் இருக்கிறான் என்று அர்த்தம்.

அவள் யோசிக்கவில்லை. இரண்டு கையையும் வாயில் குவித்து, வயிற்றிலிருந்து எடுத்துக் கூக் காட்டினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு காற்றில் மிதந்து பதில் வந்தது. "கூ!"

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. புளியமரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். பற்றையும் அடங்கிவிட்டது. இனி அவர் வந்துவிடுவார், யானையானாலும் இருவராய் நின்று பார்க்கலாம் என்று மூச்சு விட்டாள்.

பொதியிறக்கிமடுவில் போனுக்குச் சிக்னல் கோடு வராது. புளியமரத்தடியில் மட்டும் காற்று மனது வைத்தால் வரும். சட்டைக்குள் இருந்த போன் துடித்தது. உதயரூபன்.

"அக்கா, அத்தான் எங்க?"

"வந்துக்கு இரிக்காரு. நீ எங்கடா போய்த் துலைஞ்ச? இஞ்ச ஆன நிக்குது, நான் தனியச் சாகிறன்."

"ஆசுபத்திரியில நிக்கன். பிரஷாந்திக்கு விடியப்புறம் வயித்துக்குத்து வந்திட்டு."

"ஐயோ, புள்ள பொறந்திட்டா?"

"அத விடுகா! அத்தான் எந்த வழியால வாறாரு?"

பிரஷாந்தி அவனுடைய பெண்சாதி. ஆனால் அவன் குரலில் பிள்ளை பெற்ற வீட்டுச் சந்தோசம் இல்லை. தண்ணீரில் மூழ்குகிறவன் குரலாக இருந்தது.

"ஏன்டா?"

"பண்டித் தடத்தால ஒருத்தரும் வரப்படாது. புத்தடிக்கு ஒருத்தரும் போகப்படாது. கேக்குதாகா?"

"என்னத்தடா வெச்ச அங்க?"

பின்னால் ஆசுபத்திரியில் யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"உதயன், என்னத்த வெச்ச?"

"துவக்கு. கட்டுத்துவக்குகா. பாலை மரத்தில கட்டினன். விடிஞ்சோண்ண அவிப்பமெண்டுதான் இரிந்தன். அதுக்குள்ள இவள்ற அம்மா போன் எடுத்திட்டா. அப்பிடியே எழும்பி ஓடி வந்திட்டன். இப்பதான்கா நினைப்பு வந்திச்சு."

"உனக்கென்ன பைத்தியமாடா? சங்கத்தில துவக்கு வேணாமெண்டு சத்தியம் வாங்கினதெல்லோ?"

"நீதானேகா பேசின! பண்டி கோரைக்கிழங்கெல்லாம் கிண்டுது, நீ வாடிக்குள்ள கிடந்து போன் பாக்காய் எண்டு நாலு பேருக்கு முன்னால நீதானே..."

கோடு அறுந்தது.

அவள் போனைப் பார்த்தபடி நின்றாள். கட்டுத்துவக்கு என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மரத்தில் துப்பாக்கியைக் கட்டி, தடத்துக்குக் குறுக்கே மெல்லிய கம்பி இழுத்துவிடுவார்கள். பன்றியின் காலும் மனிதனின் காலும் அந்தக் கம்பிக்கு ஒன்றுதான். படுவான்கரையில் காலில்லாமல் நடக்கிறவர்கள் எல்லாரும் சண்டையில் காலை விட்டவர்கள் இல்லை.

அவள் மேட்டில் நின்றபடி மேற்கே பார்த்தாள். பெரிய வழி தெற்கே சுற்றிப் போகிறது. கனகசிங்கம் அதாலேதான் வந்துகொண்டிருந்திருப்பான், அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால். இப்போது வரமாட்டான். கூக் கேட்டவன் நேரே வருவான். அவன் நின்ற இடத்துக்கும் இந்தப் புளியமரத்துக்கும் நடுவில் எல்லாம் முட்பற்றை. பற்றையைத் துளைத்துக்கொண்டு வருகிற வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வேலியைப் பிரித்துக்கொண்டு பன்றிகள் வந்துபோகிற ஒற்றைத் தடம். அது புற்றடியால் வருகிறது. பாலை மரத்தடியால் வருகிறது.

நான்தான் கூப்பிட்டேன் என்று அவள் வாய் தானாய்ச் சொன்னது.

போனில் புருஷனுடைய இலக்கத்தை அழுத்தினாள். ஒரு பெண்பிள்ளை மூன்று பாசையிலும் மாறி மாறி, மிகவும் மரியாதையாக, தொடர்புகொள்ள முடியாது என்றாள். "வராதீங்க!" என்று கத்தினாள். மேற்கேயிருந்து அடித்த கச்சான் அந்தச் சொல்லை அவள் முகத்திலேயே திருப்பி எறிந்தது. அந்தக் காற்றை எதிர்த்துப் போகக்கூடிய சத்தம் அவளிடம் ஒன்றுதான் இருந்தது. அந்தச் சத்தத்துக்கு வா என்ற ஒரு பொருள்தான். போ என்று சொல்லவும் நில் என்று சொல்லவும் அந்தக் காட்டில் யாரும் கூக் கண்டுபிடித்து வைக்கவில்லை.

"கூ!" என்றான் கனகசிங்கம். கிட்டே வந்துவிட்டான். மணியும் கிட்டே கேட்டது.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பதில் கொடுத்தால் வருவான். கொடுக்காவிட்டால், பெண்சாதிக்கு என்னவோ நடந்துவிட்டது என்று ஓடி வருவான். இடம் மாறி, தெற்கே கடப்படியில் நின்று கூக் காட்டினால் என்ன என்று ஓர் எண்ணம் வந்தது. ஆனால் இப்போது அவன் எங்கே நிற்கிறான்? அவன் நிற்கிற இடம் தெரியாமல் எங்கே நின்று கூப்பிட்டாலும், நடுவில் அந்தக் கம்பி இல்லை என்று யார் சொல்வது?

சொல் கேட்கிற தூரத்துக்குப் போகவேண்டும். அதற்கு ஒரே வழி, அவனுக்கு முன்னால் அந்தக் கம்பியடிக்கு அவள் போய் நிற்பது.

உப்புப் பையை எடுத்தோம் என்றே அவளுக்குத் தெரியாது. தோளில் கிடந்தது. யானையை மறந்து, சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு மேட்டால் இறங்கினாள்.

ஓடவேண்டும் என்று கால் துடித்தது. ஓடினால் கம்பியை அவளே மிதிப்பாள். நடக்கவேண்டும், பார்த்து நடக்கவேண்டும், அவனைவிடக் கெதியாகவும் நடக்கவேண்டும். இரண்டு மாரி காத்து வளர்த்த புல் இடுப்பளவு நின்று அசைந்தது. எவ்வளவு ஆசையாக ஒவ்வொரு கிழமையும் வேலிக்கு வெளியே நின்று அந்தப் புல்லைப் பார்த்திருப்பாள்! இன்று ஒவ்வொரு தாளும் கம்பியாகத் தெரிந்தது. காலில் ஒரு கொடி உரசியது. அவள் அப்படியே கல்லாகி, கண்ணை இறுக்கி மூடி, வெடிச் சத்தத்துக்குக் காத்து நின்றாள். வெறும் கொடி. நெஞ்சு அடித்த அடியில் காதுக்குள் வேறொன்றும் கேட்கவில்லை. மணி கேட்கிறதா, நின்றுவிட்டதா? மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

டொக். டொக். டொக்.

வருகிறது.

பன்றித் தடம் வந்தது. கோரையைக் கிண்டிப் புரட்டிய மண் உழவு அடித்ததுபோலக் கிடந்தது. அவள் இருகாலையும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, கிண்டிய மண்ணிலேயே வைத்தாள். பன்றி தோண்டிய இடத்தில் கம்பி இருக்காது என்று ஒரு கணக்கு. சரியான கணக்கா என்று அவளுக்கே தெரியாது. தடத்தின் இடப்பக்கம் ஆளுயரத்தில் புற்று தெரிந்தது. வலப்பக்கம், கொஞ்சம் முன்னே, பாலை மரம்.

துவக்கு தெரியவில்லை. குழையால் மூடிக் கட்டியிருக்கிறான் கெட்டிக்காரன். கம்பியும் தெரியவில்லை. அவள் குந்தி உட்கார்ந்து, புல்லின் அடியால் பார்த்தாள். மண், வேர், நிழல். ஒன்றுமில்லை. இன்னும் முன்னாலா? அல்லது கடந்தே வந்துவிட்டாளா? திரும்பிப் பார்க்கவும் பயம்.

அப்போது ஒரு காய்ந்த இலை அவள் கண்ணில் பட்டது. முழங்கால் உயரத்தில், எந்தக் கொப்பிலும் இல்லாமல், எந்தத் தாளிலும் இல்லாமல், வெறும் காற்றில் தொங்கியபடி அது நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் கையை நீட்டினால் தொடலாம். அவ்வளவு கிட்டே.

இலையைத் தாங்கியிருந்த கம்பியைக் கண்ணால் பிடித்து, பாலைப் பக்கமாக மெல்ல ஓட்டிப் பார்த்தாள். குழைக்குள் ஒரு கறுப்புத் துளை. அது தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளையும்தான்.

எழும்பிப் பின்னால் போகவேண்டும் என்று உடம்பு சொன்னது. போகவில்லை. போகமுடியவில்லை என்றும் சொல்லலாம். ஏனென்றால் தடத்தின் வளைவில் சுட்டிப் பசு வந்துவிட்டது.

கிழட்டுப் பசு ஆடி அசைந்து வந்தது. நெற்றியின் வெள்ளைப் பொட்டு நிழலிலும் தெளிவாகத் தெரிந்தது. அன்னப்பூரணியைக் கண்டதும் தலையைத் தூக்கியது. மூக்கு விரிந்தது. அவளையும் தெரியும், அவள் தோளில் கிடப்பதையும் தெரியும் அதற்கு. உப்பு! கழுத்து மணி படபடக்க அது நடையை எட்டிப்போட்டது. பின்னால் இன்னும் கொம்புகள், இன்னும் முதுகுகள்.

"ஓ, ஓ, நில்லு! நில்லடி சுட்டி!"

நிற்குமா? மாட்டிடம் நில் என்றால் பால் கறக்கப்போகிறாள் என்று நினைத்துக் கிட்டே வருகிற பசு அது.

அவள் பையை இழுத்தெடுத்தாள். கட்டை அவிழ்க்கக் கை விடவில்லை, பல்லால் கடித்துக் கிழித்தாள். ஒரு கை நிறைய அள்ளிக் கம்பிக்கு மேலால் எறிந்தாள். உப்பு பசுவின் முகத்தில் தெறித்து, காலடியில் மழையாக விழுந்தது. இன்னொரு கை. இன்னொன்று. பிறகு மிச்சப் பையையே தூக்கி, பசுவையும் தாண்டிப் போய் விழும்படி வீசினாள். கை ஓங்கி எறிந்தபோது சேலைத் தலைப்பு பறந்து கம்பிப் பக்கம் போனது. அதை எப்படிப் பிடித்து இழுத்தாள் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

சுட்டி நின்றது. தலையைத் தாழ்த்தியது. நாக்கை நீட்டி மண்ணோடு சேர்த்து நக்கத் தொடங்கியது. பின்னால் வந்த மாடுகள் அதை இடித்துக்கொண்டு சுற்றி நின்றன.

அவற்றை விலக்கிக்கொண்டு, கையில் கம்போடு, வேர்த்து விறுவிறுத்து, கனகசிங்கம் ஓடி வந்தான்.

"பூரணி! என்ன புள்ள, ஆனையா? எங்க?"

"நில்லுங்க!"

"நீ கூக் காட்டின, மறுகாச் சத்தத்தக் காணல்ல. எனக்கு உசிரு போயிட்டு வந்திரிக்கி." பேசிக்கொண்டே வந்தான்.

"நில்லுங்க எண்டன்! அந்த இடத்திலயே நில்லுங்க!"

அவன் சுட்டிப் பசுவின் பக்கத்தில் வந்து, கீழே பார்த்து, வாயைப் பிளந்தான். "அடியே, ஆயிஷா உம்மாட உப்பெல்லாம் நிலத்திலயா கொட்டிக் கிடக்கு? உனக்கு விசரா பிடிச்ச? பொறு, நான் அள்ளுறன்" என்று முன்னே வைக்க ஒரு காலைத் தூக்கினான்.

அவள் கத்தவில்லை. பிள்ளையிடம் கெஞ்சுவதுபோல மெல்லத்தான் சொன்னாள். "இஞ்சாருங்க. என்ட முகத்தப் பாருங்க. கால எடுக்காதீங்க. உங்களுக்கு முன்னால கட்டுத்துவக்கு இரிக்கி."

தூக்கிய கால் தூக்கியபடி நின்றது.

காற்று விழுந்ததுபோல இருந்தது. மாடுகள் நக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் அவளுடைய கண் போன திசையில் பார்த்தான். இலையைப் பார்த்தான். இலையிலிருந்து பாலைக்குப் பார்வை போனது. தூக்கிய காலை வந்த இடத்துக்கே, முட்டையின்மேல் வைப்பதுபோலக் கொண்டுபோய் வைத்தான்.

"ஆர் கட்டின?" என்றான்.

"உதயன்."

"உன்ட தம்பியா?"

"ஓம். என்ட தம்பிதான்."

ஒரு கிடாரிக் கன்றுக்கு உப்புப் பங்கு கிடைக்கவில்லைபோலும். மற்றவற்றுக்கு நடுவால் தலையை நுழைத்து முன்னே தள்ளிக்கொண்டு வந்தது. அன்னப்பூரணி "ஐயோ" என்றாள். கனகசிங்கம் கம்பைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் வாலைப் பிடித்து, நிலத்தில் சறுக்கியபடி அதை இழுத்து நிறுத்தினான். அது திமிறி அவன் முழங்காலில் ஓர் உதை விட்டது. "உதை, உதை. மகாராசியா உதை. முன்னால மட்டும் போகாத" என்றான் அதனிடம். இந்த நிலையிலும் பகிடி விடுகிற மனிசன்.

மாடுகளைத் திருப்பி, பெரிய வழிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க நேரம் எடுத்தது. அவன் போய் வருமட்டும் அவள் கம்பிக்கு இந்தப் பக்கம், புற்றோடு ஒட்டி, கண்ணை அந்த இலையிலிருந்து எடுக்காமல் நின்றாள். கண்ணை எடுத்தால் அது நகர்ந்துவிடும் என்று ஒரு பயம். அவன் வேலியைச் சுற்றி, அவள் பக்கமாகவே, அவள் மிதித்த மண்ணிலேயே கால் வைத்து வந்தான். அவளைக் கையைப் பிடித்துத் தூரக் கூட்டிக்கொண்டு போனான். கல் வரிசைக்குப் பின்னால் இருவரும் படுத்துக்கொண்டார்கள். அவன் ஒரு பட்ட மரக்கட்டையைத் தூக்கிக் கம்பியின்மேல் எறிந்தான். முதல் கட்டை படவில்லை. இரண்டாவது பட்டது.

அந்தச் சத்தத்தை அவள் காது அதற்கு முன்னும் கேட்டிருக்கிறது, சண்டைக் காலத்தில். ஆனாலும் உடம்பு முழுதும் ஒருமுறை துள்ளி விழுந்தது. எங்கேயோ மாடுகள் சிதறி ஓடின. மடுவில் இருந்த கொக்குகள் எல்லாம் ஒன்றாக எழும்பிப் போயின. புகை காற்றோடு அவர்கள் பக்கம் வந்தது.

அது அடங்கிய பிறகு போய்ப் பார்த்தார்கள். பாலையில் துவக்கு கட்டு அறுந்து தலைகீழாகத் தொங்கியது. இரும்புத் துண்டுகளும் சைக்கிள் குண்டுகளும் தடத்தைக் கடந்து போய்ப் புற்றில் ஏறியிருந்தன. செம்மண் பெயர்ந்து, உள்ளங்கை போகிற அளவுக்கு ஒரு குழி. அவள் ஒட்டி நின்ற புற்று. அவளுடைய இடுப்பு இருந்த உயரம்.

கனகசிங்கம் அந்தக் குழிக்குள் கையை விட்டுப் பார்த்தான். விட்ட கையை எடுக்கவில்லை. ஏதோ பகிடி சொல்லப்போகிறவன்போல வாயைத் திறந்தான். அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டான். இவ்வளவு நேரமும் அவனுக்கு வராத பயம் எல்லாம் அப்போதுதான் மொத்தமாய் வந்து ஏறியது. அன்னப்பூரணி பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நான்தானே உங்களக் கூப்பிட்ட" என்றாள்.

"கூப்பிட்டாத்தானே புள்ள வரலாம்" என்றான் அவன். அதில் அவளைக் குறை சொல்கிற தொனி எதுவும் இல்லை. அதுதான் அவளை அழவைத்தது.

பொழுதுபட முன்னம் மாடுகள் ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்தன. கனகசிங்கம் கடப்பின் தடிகளைக் கழற்றிவிட்டான். சுட்டி முதல் ஆளாய் உள்ளே போய், ஒரு கணம் நின்று மோந்து, பிறகு தலையைப் புல்லுக்குள் விட்டது. மாடுகள் புல்லைப் பிடுங்கித் தின்கிற சத்தம், இரண்டு வருசமாய் அவள் கேட்க ஆசைப்பட்ட சத்தம், மடு முழுதும் நிறைந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தாள். ஆனால் கண் மட்டும் மாடுகளின் கால்களுக்கு இடையிலேயே திரிந்தது.

புளியமரத்தடியில் போன் அடித்தது. கனகசிங்கம் எடுத்தான்.

"அத்தான்!" உதயரூபன் அழுகிறான் என்று பக்கத்தில் நின்றவளுக்கும் கேட்டது. "அத்தான், நீங்கதானா பேசுறீங்க?"

"இல்ல, என்ட ஆவி பேசுது. என்ன புள்ள?"

"பொம்புளப் புள்ள, அத்தான்."

"தாயும் புள்ளயும் சுகமா?"

"ஓம், அத்தான்."

"அப்ப நல்லம். நீ ஆறுதலா வா. வந்தோண்ண அந்தப் பாலையிலயே உன்னக் கட்டிப்போட்டு, பண்டிக்குக் காவல் வெக்கன்." போனை வைத்துவிட்டு, பிள்ளைக்குப் பேர்ப் பொருத்தம் பார்க்கவேண்டும் என்று முணுமுணுத்தான்.

உதயரூபன் மறுநாளே வந்துவிட்டான். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தானும் அவனுமாய் வேலிக்குள் அடி அடியாய் நடந்து, வேறெதுவும் கட்டவில்லை என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தபோதும் விடாமல், எல்லாத் தடத்தையும் கம்பால் தட்டிப் பார்த்தார்கள். துவக்கை உடைத்துத் துண்டாக்கி மடுவின் ஆழத்தில் போட்டார்கள். பன்றிக்கு என்ன செய்வது என்று சங்கம் கூடிப் பேசி, ஆள் மாறி ஆள் நெருப்பு மூட்டிக் காவல் இருப்பது என்று முடிவாயிற்று. எல்லாம் ஒழுங்காயிற்று என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

அன்றைக்குப் பின்நேரம் அன்னப்பூரணி சோறு கட்டிக்கொண்டு மேட்டுக்கு வந்தாள். கனகசிங்கம் மாடுகளோடு மடுவின் அந்தக் கரையில் நின்றான். அவளைக் கண்டதும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, வழக்கம்போல அவளுடைய சத்தத்துக்குக் காத்திருந்தான். நேர் நடுவில் புற்றடி. தடம் வெறுமையாகக் கிடந்தது. அங்கே ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். தட்டிப் பார்த்ததை அவள் கண்ணாலேயே கண்டவள்.

கையை வாயில் குவித்தாள். மூச்சை எடுத்தாள். எடுத்த மூச்சு உள்ளேயே நின்றது.

கையை இறக்கிவிட்டு, சோற்றுப் பொதியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தெற்கே கல் வரிசையை ஒட்டிய பெரிய வழியால் சுற்றி நடக்கத் தொடங்கினாள். அவன் அந்தக் கரையில் நின்று, இவள் எங்கே போகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் போய்ச் சேர்ந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது.

"இவ்வளவு தூரம் ஏன் புள்ள நடந்த? ஒரு கூக் காட்டியிருந்தா நான் நேரே வந்திருப்பனே."

"அதுக்குத்தான் காட்டல்ல" என்றாள் அன்னப்பூரணி. பொதியை அவிழ்த்து அவன் முன்னால் வைத்தாள்.